சொருகியதும் தெரியாத எக்ஸ்பிரஸ் கார்ட்: ட்ரைவர் பிழையா, கார்ட் பிழையா?

கேள்வி: பாவித்த மடிக்கணினிக்கு (விண்டோஸ் 10) இணையக் கடையொன்றில் யூஎஸ்பி 3 எக்ஸ்பிரஸ் கார்ட் (மடிக்கணினியின் பக்கவாட்டுத் துளையில் சொருகி யூஎஸ்பி துளைகளைக் கூட்டும் அட்டை) வாங்கினேன். கணினி ஓடும்போது சொருகினால் ஒன்றும் தெரிவதில்லை. நிறுத்திப் போட்டால் வருகிறது. ஹார்ட் டிஸ்க்கில் பெரிய கோப்புகளை ஏற்றும்போது டிஸ்க் இடையில் மறைந்துவிடுகிறது. "ட்ரைவர் பிரச்சினை, சீடியில் உள்ளதைப் போடுங்கள்" என்கிறார் கடைக்காரர். திருப்பிக் கொடுக்கலாமா?
– வாசகர், உவர்மலை, திருகோணமலை

பதில்: சீடியைப் போடவேண்டாம். விண்டோஸ் 8 முதல் யூஎஸ்பி 3 ட்ரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. இத்தகைய சீடிகளில் வருவது பெரும்பாலும் விண்டோஸ் 7க்கானது; அதைப் போட்டால் இப்போது ஓடுவதும் நின்றுபோகலாம்.

நிறுத்திப் போட்டால் வருகிறதென்றால் கார்டும் ட்ரைவரும் வேலை செய்கின்றன. கார்ட் சொருகப்பட்ட செய்தி பயோஸிலிருந்து (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) விண்டோஸுக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். பழைய மடிக்கணினிகளில் இது அடிக்கடி நடக்கும். கார்டைச் சொருகி, டிவைஸ் மேனேஜரில் (சாதனங்களைப் பட்டியலிடும் விண்டோஸ் பகுதி) 'ஸ்கேன் ஃபோர் ஹார்ட்வேர் சேஞ்சஸ்' கொடுத்துப் பாருங்கள். வராவிட்டால் பவர் ஒப்ஷன்ஸில் பிசிஐ எக்ஸ்பிரஸின் கீழுள்ள 'லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்' என்பதை ஓஃப் செய்து மறுபடி முயலுங்கள். அதற்கும் மசியாவிட்டால் உங்கள் மொடலுக்கேயுரிய பயோஸ் புதுப்பிப்புதான். பற்றரியும் சார்ஜரும் இரண்டும் இணைந்திருக்கும்போது மட்டும் அதைச் செய்யுங்கள். நடுவில் மின்சாரம் நின்றால் மடிக்கணினி எழும்பாமலே போகலாம். இந்த ஆபத்து வேண்டாமென்றால் கார்டைச் சொருகியபின் கணினியைப் போடுவதே போதும்.

டிஸ்க் மறைவது வேறு கோளாறு, காரணம் மின்சாரம். எக்ஸ்பிரஸ் கார்ட் துளையில் 5 வோல்ட் கிடையாது. அது தருவது 3.3 வோல்ட்டில் உச்சமாக 1.3 அம்பியர், அதாவது ஏறத்தாழ 4.3 வாட். யூஎஸ்பி 3 துளை ஒன்றுக்கே 5 வோல்ட்டில் 0.9 அம்பியர், 4.5 வாட் வேண்டும். கார்டின் விளிம்பில் சின்ன வட்டத் துளை இருந்தால் அது வெளி மின்சாரத்துக்கானது. பெட்டியிலுள்ள கேபிளை அதில் மாட்டி, மறுமுனையை 5 வோல்ட் சார்ஜரில் கொடுங்கள். கேபிள் பெட்டியில் இல்லையென்றால் கடையில் கேட்டு வாங்குங்கள். கார்டில் அந்த வட்டத் துளையே இல்லையென்றால் தனி அடப்டருள்ள யூஎஸ்பி ஹப் வாங்குவதுதான் வழி.

நம்மூர் உப்புக்காற்றில் தொடுமுனைகள் மங்கும். ஐசோபுரப்பைல் அல்கஹோல் தொட்ட பஞ்சற்ற துணியால் கார்டின் முனைகளைத் துடைத்து, காய்ந்தபின் சொருகுங்கள். கழற்றும்போது முதலில் டிஸ்க்கை, பிறகு கார்டை 'பாதுகாப்பாக அகற்று' கொடுத்தே இழுக்கவேண்டும்.

டிவைஸ் மேனேஜரில் கோட் 28 என்றால் ட்ரைவர் இல்லை. கோட் 10 என்றால் சாதனம் தொடங்கவில்லை; அப்போது இன்னொரு மடிக்கணினியில் சோதியுங்கள். அங்கும் அதே கோட் வந்தால் கார்ட் பழுது. பற்றுச்சீட்டுடன் திருப்பிக் கேளுங்கள். கடை மறுத்தால், வாங்கி மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம், தொலைபேசி 1977.