விருந்தினர் இயங்குதளம் கேட்கும் பதிவகம் கேவிஎம்மிடம் இல்லாதபோது

லினக்ஸ் கர்னலின் மெய்நிகராக்க வசதியான கேவிஎம் வழியாக விண்டோஸை இயக்கும் வாசகர் ஒருவர், செயலியை அளக்கும் மென்பொருளைத் திறந்தவுடன் மெய்நிகர் கணினி நீலத்திரையுடன் நின்றுவிடுவதாகவும், ஹோஸ்ட் (மெய்நிகர் கணினியைத் தாங்கும் உண்மையான கணினி) கர்னலின் லாகில் 'அன்ஹேண்டில்டு ஆர்டிஎம்எஸ்ஆர்' என்ற வரி பதிவாவதாகவும் எழுதியிருக்கிறார். கேவிஎம் அறியாத பதிவகங்களைக் கேட்டாலும் பிழை தராமல் விடச்செய்யும் 'இக்னோர் எம்எஸ்ஆர்ஸ்' அமைப்பை இயக்கிவிடலாமா என்பது அவர் கேள்வி. சோதனைக்காக இயக்கிப் பார்க்கலாம். அப்படியே விட்டுவைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பதிவகம் என்பது செயலிக்குள் இருக்கும் சிறிய சேமிப்பிடம். கணக்குகளுக்கான பொதுப் பதிவகங்களைக் கேவிஎம் மென்பொருளால் போலச்செய்வதில்லை. விண்டோஸ் அவற்றை உண்மையான செயலியிலேயே நேரடியாகக் கையாள்கிறது. சிக்கல், செயலியின் மாதிரிக்கேற்ப மாறுபடும் எம்எஸ்ஆர் பதிவகங்களில் எழுகிறது. விருந்தினர் இயங்குதளம் (மெய்நிகர் கணினிக்குள் ஓடுவது, இங்கே விண்டோஸ்) ஈசிஎக்ஸ் என்ற பொதுப் பதிவகத்தில் ஓர் எண்ணை வைத்து, எம்எஸ்ஆரைப் படிக்கும் ஆர்டிஎம்எஸ்ஆர் கட்டளையை இட்டால், எவற்றை நேரடியாக அணுகலாம் என்று குறிக்கும் பிட்மேப்பில் அந்த எண்ணுக்கு நேரடி அனுமதி தரப்பட்டிருந்தாலொழிய, கட்டுப்பாடு கேவிஎம்மிடம் வந்துவிடும். கேவிஎம் அறிந்த எண் என்றால் 64 பிட் மதிப்பை ஈடிஎக்ஸ், ஈஏஎக்ஸ் ஆகிய இரு பொதுப் பதிவகங்களிலும் பிரித்து வைத்துத் திரும்பும். அறியாத எண் என்றால் 13ஆம் விதிவிலக்கான பொதுப் பாதுகாப்புப் பிழையை விருந்தினருக்குள் செலுத்தும். தன்னிடம் இல்லாத எம்எஸ்ஆரைக் கேட்டால் உண்மையான செயலியும் இதையே செய்யும் என்பதால், இதைக் கேவிஎம்மின் குறையாகக் கொள்ள முடியாது. அந்தப் பிழையைத் தாங்கும்படி எழுதப்படாத டிரைவர்தான் விண்டோஸை வீழ்த்துகிறது.

நீங்கள் குறிப்பிடும் அமைப்பை இயக்கினால், அறியாத எம்எஸ்ஆரைப் படிக்கும்போது 0 கிடைக்கும். எழுதுவது ஓசையின்றிக் கைவிடப்படும். நீலத்திரை மறையலாம், ஆனால் அந்த 0 ஒரு கணக்கில் வகுக்கும் எண்ணாக அமைந்தால் வேறோர் இடத்தில் பிழை வெடிக்கும். எழுதிய அமைப்பு நடைமுறைக்கு வந்துவிட்டதாக விருந்தினர் நம்பிக்கொண்டிருப்பது இன்னும் ஆபத்தானது. மேலும், இது கேவிஎம் மாட்யூலின் அமைப்பு என்பதால் அந்த ஹோஸ்டில் ஓடும் எல்லா மெய்நிகர் கணினிகளையும் பாதிக்கும்.

ஆகவே முதலில் லாகில் உள்ள பதினறும எண்ணைக் குறித்துக்கொண்டு, உங்களுடையது இன்டெல் செயலி என்றால், அந்நிறுவனத்தின் மென்பொருள் உருவாக்குநர் கையேட்டின் 4ஆம் தொகுதியில் அது எந்தப் பதிவகம் என்று பாருங்கள். ஹோஸ்டின் செயலியை அப்படியே காட்டும் 'ஹோஸ்ட் பாஸ்த்ரூ' முறையில் விருந்தினர் உங்கள் செயலியின் மாதிரி எண்ணையே காண்பதால், அதற்குரிய எம்எஸ்ஆர்கள் எல்லாம் இருக்கும் என்று டிரைவர் கருதிவிடுகிறது. கேவிஎம்முடன் சேர்ந்து மெய்நிகர் கணினியை இயக்கும் க்யூஇஎம்யூ மென்பொருளில் பெயரிட்ட, சற்றுப் பழைய செயலி மாதிரியைத் தேர்ந்தால் பல நேரங்களில் அந்தக் கேள்வியே எழாது, சில புதிய கட்டளைகளை மட்டும் இழக்க நேரலாம். அமைப்பைத் தற்காலிகமாக இயக்கினாலும், புறக்கணித்தவற்றை லாகில் பதிவுசெய்யும் 'ரிப்போர்ட் இக்னோர்டு எம்எஸ்ஆர்ஸ்' அமைப்பை அணைக்காதீர்கள். அடுத்த பிழை வந்தால் தேடுவதற்கு அந்த வரிகள்தான் தடயம்.