திருட்டைப் பிடிக்கச் செயலி உண்டா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு ‘நீலகிரி மலை ரயில்’ பற்றிக் கட்டுரை எழுதி வரச் சொன்னேன். நாற்பது பேரில் பாதிப் பேர் ஏ.ஐ.யிடம் கேட்டு எழுதி வந்திருக்கிறார்கள். நடை ஒரே அச்சு. இதைக் கண்டுபிடித்துச் சொல்லும் செயலி எது? பிடிபட்டவர்களுக்குப் பூஜ்யம் போடலாமா?
– ஓர் ஆசிரியை, அருவங்காடு

பதில்: எந்தச் செயலிக்கும் காசு கொடுக்காதீர்கள், டீச்சர். சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒன்றை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் எடுத்துவிட்டது. இயந்திரம் எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது உறுதியாகப் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்றது. அதுவும் ஆங்கிலத்தில், மற்ற மொழிகளில் இன்னும் மோசம் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். உங்கள் வகுப்பில் நாற்பது பேரும் சொந்தமாகவே எழுதியிருந்தாலும் மூன்று நான்கு பேர் திருடர்கள் ஆகியிருப்பார்கள்.

பின்னால் வந்த கருவிகளிலும் பல, அடுத்த சொல் எவ்வளவு சுலபமாக ஊகிக்கக் கூடியது என்பதைப் பார்ப்பவைதான். நோட்ஸை மனப்பாடம் செய்து எழுதும் நம் பிள்ளைகளின் நடை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதிய டோஃபெல் (ஆங்கிலத் திறன்) தேர்வுக் கட்டுரைகளில் பாதிக்கு மேல் இயந்திரக் கணக்கில் விழுந்தன.

இனி நீங்கள் கேட்காததற்கும் பதில். ‘மலை ரயில் – கட்டுரை வரைக’ என்று போர்டில் எழுதிப்போட்டால் போன வருஷம் வரை நோட்ஸ் பதில் சொன்னது, இப்போது போன் சொல்கிறது. பிள்ளை யோசிப்பதற்கு அந்தக் கேள்வியில் அன்றும் இடமில்லை.

கேள்வியை இப்படித் திருப்புங்கள். இயந்திரத்திடம் நீங்களே அந்தக் கட்டுரையை வாங்கி, அச்செடுத்து, நான்கு பேருக்கு ஒரு தாள் கொடுங்கள். (ஆடிக் காற்றில் மரம் சாய்ந்து கரண்டும் சிக்னலும் போனாலும் தாள் வேலை செய்யும்.) ஒவ்வொரு வரிக்கும் எதிரில் ‘சரி’, ‘தவறு’, ‘பார்க்க வேண்டும்’ என்று எழுதி, எப்படித் தெரியும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். குன்னூர் வரை ரயில் வந்தது 1899, உதகை வரை 1908, யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது 2005, நீளம் 46 கிலோமீட்டர் என்பதையெல்லாம் நூலகத்தில் சரிபார்க்கலாம். ஆனால் ‘மேட்டுப்பாளையம் முதல் உதகை வரை பற்சட்டத்தில் ஏறுகிறது’ என்று ஒரு வரி இருந்தால்? (எஞ்சினின் பற்சக்கரம் பிடித்து ஏற, தண்டவாளங்களுக்கு நடுவில் போட்ட பல் வைத்த சட்டம்தான் பற்சட்டம்.) உங்கள் பிள்ளைகளுக்குப் புத்தகமே வேண்டாம். அருவங்காடு ஸ்டேஷனில் நின்று தண்டவாளத்தைப் பார்த்தால் போதும், நடுவில் பற்சட்டம் கிடையாது. அது கல்லாறில் தொடங்கிக் குன்னூரோடு முடிகிறது. ஏன் முடிகிறது என்பதுதான் கட்டுரைக் கேள்வி. சரிவைப் பற்றி எழுதாமல் அதற்குப் பதில் எழுத முடியாது. பற்சட்டம் உள்ள பகுதியில் சரிவு 12க்கு 1 வரை, அதாவது 12 அடி போனால் 1 அடி ஏறும் அளவுக்குப் போகிறது.

ஏ.ஐ.யே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. துருக்கியில் ஏறக்குறைய 1,000 உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்து, கணக்குப் பாடத்தில் ஓர் ஆய்வு நடந்தது. கேட்டால் விடையையே சொல்லிவிடும் வெறும் ஏ.ஐ. சாட் கிடைத்தவர்கள் பயிற்சியில் 48 சதவீதம் கூடுதலாக எடுத்தார்கள். அது இல்லாமல் தேர்வு எழுதியபோது, அதைத் தொடாதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி ஆசிரியர்கள் அமைத்துக் கொடுத்த சாட்டில் அந்தச் சரிவு ஏறக்குறைய இல்லை. தேர்வில் பெரிய லாபமும் இல்லை, கெடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த அமைப்பை உங்கள் போனிலேயே செய்யலாம். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: 100 கிலோ பசுந்தேயிலையில் 77 சதவீதம் ஈரம், தூளில் 3 சதவீதம், எத்தனை கிலோ தூள் கிடைக்கும்? பலர் 77இலிருந்து 3ஐக் கழித்து, 74 கிலோ தண்ணீர் போனது, மீதி 26 என்று எழுதுவார்கள். 3 சதவீதம் தூளின் எடையில் கணக்கிட வேண்டியது, இலையின் எடையில் அல்ல. காய்ந்த பொருள் 23 கிலோ, அதை 0.97ஆல் வகுத்தால் 23.7. சரியான விடை, இந்தத் தவறு, ‘விடையைச் சொல்லாதே, முதலில் தவறிய வரியைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேள்’ என்ற கட்டளை, இந்த மூன்றையும் நீங்கள் முதலில் தட்டச்சு செய்யுங்கள். அதற்குப் பிறகே பிள்ளை எழுதிய படிகளைப் போடுங்கள். கட்டளை மட்டும் கொடுத்து விடையைக் கொடுக்காவிட்டால், இயந்திரம் தானே தப்பாகப் போட்டு, சரியான வரியைத் தவறு என்று சொல்லவும் கூடும். பிள்ளையின் பெயர், மதிப்பெண், படம் எதையும் அதில் ஏற்ற வேண்டாம். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிரம்பாதவர் எல்லாரும் குழந்தைகள்தான்.

வீட்டில் எழுதியதற்கு மார்க்கைக் குறைத்துவிட்டு, வாய்மொழியாகக் கேட்பதற்கு மார்க் வையுங்கள். நாளுக்கு எட்டுப் பேர், ஆளுக்கு ஒன்றரை நிமிடம்; ஐந்து நாளில் நாற்பது பேரும் முடிந்துவிடும். ‘இந்த வரியை ஏன் எழுதினாய்?’ என்ற ஒரு கேள்வி போதும்.

பூஜ்யம் போடாதீர்கள். நடை ஒரே அச்சு என்பது சந்தேகம்தான், சாட்சி ஆகாது. அடுத்த பீரியடில் நாற்பது பேரையும் பற்சட்டக் கேள்விக்கு அரைப் பக்கம் பேனாவால் எழுதச் சொல்லி, அந்த மார்க்கைப் பதிவேட்டில் ஏற்றுங்கள்.