நாள்பட்ட நோயோடு வளரும் பதின்ம வயதுப் பிள்ளைகளை நம் ஊரில் எப்படிப் பார்க்கிறார்கள்?

எனக்கு டைப் 1 சர்க்கரை (உடம்பில் இன்சுலின் சுரக்காமல், தினமும் ஊசியாகப் போட்டுக்கொள்ள வேண்டிய வகை) வந்தது 12 வயதில். ஊர் தங்கச்சிமடம், அப்பாவுக்குக் கடல் தொழில். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் எல்லாரும் கேட்டது, "இந்த வயசுலயா சர்க்கரை?" 1922-ல் டொராண்டோவில் முதன்முதலாக இன்சுலின் போட்டுக்கொண்ட லெனார்ட் தாம்சனுக்கு 14 வயதுதான். இதையெல்லாம் எடுத்துச் சொல்லும் தைரியம் அப்போது எனக்கு ஏது?

எங்கள் பக்கம் பையன் பெரியவனாகிவிட்டான் என்பதற்கு வயசு கணக்கில்லை, கடலுக்குப் போய்விட்டு வந்தானா என்பதுதான் கணக்கு. ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி (அப்போது 45 நாள், இப்போது 61) விசைப்படகெல்லாம் நின்றுவிடும். நாட்டுப்படகுக்குத் தடையில்லை. பத்தாம் வகுப்பு லீவில் என் செட்டுப் பையன்கள் மாமன், சித்தப்பன் வள்ளத்தில் ஏறிப் போய், விடிந்ததும் பங்குக் காசோடு டீக்கடையில் உட்காருவார்கள். என்னை அம்மா விடவில்லை. நான் "ஊசி போடுற பிள்ளை".

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடலுக்குப் போக நான் சின்னப்பிள்ளை. சர்க்கரை ஏறினால் மட்டும் "இவ்வளவு பெரிய பையனுக்குப் பொறுப்பு வேணாமா?" என்பார்கள்.

15 வயதில் 320, 350 என்று ஏறியது. காட்டப் போன இடத்தில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கள்ளத்தனமா என்னத்தத் தின்ன?" நான் ஒன்றும் தின்னவில்லை. பருவ வயதில் கூடுதலாகச் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடாது. பழைய அளவு ஊசி போதாது, கூட்ட வேண்டும். இது எனக்குத் தெரிந்தது பல வருடம் கழித்து. அன்றைக்குக் கற்றுக்கொண்டது, தினமும் சர்க்கரை அளவைக் குறிக்கும் நோட்டில் பொய் எழுத. ஆஸ்பத்திரிக்குப் போகும் முந்தின ராத்திரி உட்கார்ந்து ஒரு மாதக் கணக்கையும் நிரப்புவேன். 132, 128, 140. சந்தேகம் வரக்கூடாதென்று நீலப் பேனா, கறுப்புப் பேனா இரண்டையும் மாற்றி மாற்றி.

(இடையில் ஒன்று: பனை நிறைந்த மாவட்டம் என்பதால் "கருப்பட்டி ஒண்ணும் செய்யாது தம்பி" என்று காபியை நீட்டாத வீடு கிடையாது. செய்யும். ரத்தத்துக்குப் போனால் அதுவும் சர்க்கரைதான்.)

பன்னிரண்டாவது முடிந்த லீவில், அம்மாவுக்குத் தெரியாமல் மாமா வள்ளத்தில் ஏற்றிக்கொண்டார். வலை இழுக்கும்போது கை நடுங்கியது, பனியன் பிழியலாம் போல வியர்த்தது. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் அப்படித்தான். மாமா மடியிலிருந்து குளுக்கோஸ் பொட்டலத்தை எடுத்து வாயில் கொட்டினார். கால் மணி நேரம் உட்காரவிட்டார். அப்புறம், "சரியாயிருச்சா? வா, அந்தப் பக்கத்தைப் பிடி" என்றார். நோய் வந்ததிலிருந்து என்னை ஒருவர் வேலை ஏவியது அன்றைக்குத்தான்.

பெண் பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். எங்கள் வீட்டில் இன்சுலின் குப்பி சூட்டில் கெடாமலிருக்க வைத்த ஈரமணல் சட்டி திண்ணையோரம் எல்லார் கண்ணிலும் படும்படி இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அது கட்டிலுக்கு அடியில். சடங்கு முடிந்த பிள்ளை, வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் கட்டுவார்கள் என்று பயம்.

போன மாதம் அந்த வீட்டு அம்மா மகளை என்னிடம் கூட்டி வந்தார். "நீ கொஞ்சம் கண்டிச்சு விடு தம்பி, பேச்சே கேக்க மாட்டேங்குறா." அவளுக்கு 14 வயது. நோட்டை வாங்கிப் புரட்டினேன். 130, 126, 135. முப்பது நாளும் ஒரே பேனா, ஒரே சாய்வு.

அந்தம்மா தண்ணீர் குடிக்க உள்ளே போனதும், "ரெண்டு பேனாவாச்சும் வச்சு எழுதக்கூடாதா?" என்றேன். சிரித்துவிட்டாள். அப்புறம் மெதுவாக, "நேத்து 310ண்ணே" என்றாள்.