உலோகத் தண்டு பொருத்திய தொடையெலும்பு காலப்போக்கில் மெலிவது ஏன்?

இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சையில் தொடையெலும்பின் உள்ளே இறக்கப்படும் உலோகத் தண்டு, உடற்பாரத்தின் பெரும்பங்கைத் தானே தாங்கிக்கொள்வதால் அதைச் சுற்றியுள்ள எலும்பு மெலிந்துபோவதைப் ‘பாரமறைப்பு’ எனலாம்.

எலும்பு உயிருள்ள இழையம். பாரம் விழும் இடத்தில் தடிப்பதும், விழாத இடத்தில் கரைவதும் அதன் இயல்பு என்பதை ஜெர்மானிய அறுவைச் சிகிச்சை நிபுணர் யூலியஸ் வொல்ஃப் 1892ஆம் ஆண்டிலேயே எழுதினார். விண்வெளியில் மாதக்கணக்கில் தங்குவோரின் இடுப்பெலும்பு மெலிவதும் இதனாலேயே. உருக்கு, எலும்பைவிட ஏறத்தாழ 10 மடங்கு விறைப்பானது. இரண்டும் சேர்ந்து ஒரு பாரத்தைச் சுமக்கும்போது, எளிதில் வளையாதது எதுவோ அதன் வழியாகவே பாரத்தின் பெரும்பங்கு இறங்கும்.

அம்பாறை வயல்வெளியில் பழைய வாய்க்காலுக்கு அருகே ஆழமான புதியதொன்றை வெட்டினால், தண்ணீரெல்லாம் புதியதன் வழியே ஓட, பழையது மெல்ல மெல்லத் தூர்ந்துபோவதை நம் விவசாயிகள் நன்கறிவர். எலும்புக்கு நேர்வதும் அதுதான்.

ஆகவேதான் ஆய்வாளர்கள் துளைகள் நிறைந்த, சற்று வளைந்துகொடுக்கும் தண்டுகளை வடிவமைக்க முயல்கின்றனர். இம்முயற்சி மிகவும் பெறுமதியானது என்பது என் கருத்து.

விறைப்பான உலோகமே சிறந்தது எனப் பலர் நம்புகின்றனர். ஆனால் உருக்கின் ஏறத்தாழப் பாதி விறைப்பே உள்ள டைட்டேனியக் கலப்புலோகம், உடலைத் தாங்கப் போதிய வலிமையோடு எலும்புக்கும் கூடுதல் பாரத்தை விட்டுவைக்கிறது.