கைபேசி கேள்வி பதில்: ஈரக்கையும் பட்டனும்

கேள்வி: எங்கள் ஊர் பால் சங்கத்தில் பாலின் அளவைப் பதிய ஓர் ஆண்ட்ராய்டு செயலி எழுதியிருக்கிறேன். கல்லூரித் தோழிகள் எளிதாகப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் பால் அளக்கும் அண்ணன், ‘சேமி’யைத் தொட்டால் பக்கத்திலுள்ள ‘அழி’ வேலை செய்துவிடுகிறது என்கிறார். எதை மாற்றலாம்?
– மாணவி, ராசிபுரம்

பதில்: அண்ணன் சரியாகத்தான் தொடுகிறார், மாற வேண்டியது திரை. முதலில் பட்டனை அளந்து பாருங்கள். ஆண்ட்ராய்டுக்கு கூகுள் சொல்லும் குறைந்தபட்ச அளவு 48 டிபி (dp, எந்தத் திரையிலும் ஏறக்குறைய ஒரே அளவில் தெரியும் ஆண்ட்ராய்டு அலகு), திரையில் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். ஐபோனுக்கு ஆப்பிள் சொல்வது 44 பாயின்ட் (அதுவும் டிபி போன்ற ஓர் அலகுதான்). இதெல்லாம் காய்ந்த கைக்கே குறைந்தபட்சம். பால் சங்கத்துக்கு நான் 64 டிபிக்குக் கீழே போகமாட்டேன்.

அங்கே கை ஈரமாகத்தான் இருக்கும். விரல் பட்டதும் திரையின் மின்புலத்தில் ஏற்படும் மாற்றத்தை வைத்துத்தான் கைபேசி தொடுகையை அறிகிறது. தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் ஒரு துளியையே விரல் என்று எண்ணிவிடலாம், தொட்ட இடமும் தள்ளித் தெரியலாம். செயலியால் இதை முழுசாகச் சரிசெய்ய முடியாது. அதனால் இழுப்பது, அழுத்திப் பிடிப்பது எல்லாம் வேண்டாம், ஒரு தட்டு போதும். லிட்டரைப் பதிய கைபேசியின் குட்டி விசைப்பலகையை நம்பாமல், பெரிய எண்களோடு நீங்களே ஒன்று வரைந்துவிடுங்கள்.

‘சேமி’ கீழே, கட்டைவிரல் எட்டும் இடத்தில் அகலமாக இருக்கட்டும். இன்னொரு கையில் பால் அளக்கும் பாத்திரம் இருக்குமே! ‘அழி’யை அங்கிருந்து எடுத்து, பழைய பதிவைத் திறந்தால் மட்டும் தெரியும்படி வையுங்கள். “நிச்சயமாக அழிக்கவா?” என்று கேட்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நாலு தடவை பார்த்தவர் ஐந்தாவது தடவை படிக்காமலே ‘ஆம்’ தட்டிவிடுவார். அழித்துவிட்டு, சில விநாடிகளுக்கு ‘திரும்பக் கொண்டுவா’ என்று ஒரு பட்டன் காட்டுங்கள். அப்புறம், விரல் பட்டவுடன் இல்லாமல் விரலை எடுக்கும்போதுதான் பட்டன் வேலை செய்ய வேண்டும். தவறான இடத்தில் வைத்தவர் விரலை வெளியே நகர்த்தித் தப்பித்துக்கொள்வார்.

எழுத்தளவை எஸ்பி (sp) என்ற ஆண்ட்ராய்டு எழுத்து அலகில் கொடுங்கள். கைபேசியில் பெரிய எழுத்து வைத்திருப்பவர்களுக்கு உங்கள் செயலியிலும் பெரிதாகும். ஆனால் பட்டனின் உயரத்தை ஒரே அளவில் பூட்டி வைக்காதீர்கள், எழுத்து பெரிதாகும்போது ‘கு’, ‘மூ’ போன்ற எழுத்துகளின் அடிப்பகுதி வெட்டுப்படும். வெளிர்சாம்பல் எழுத்து அழகுதான், ஆனால் விடிகாலை அரைவெளிச்சத்தில் தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு 4.5:1 ஆவது இருக்கட்டும்.

திருத்தியதைத் தோழிகளிடம் காட்ட வேண்டாம். காலையில் பால் வரும் நேரத்தில் அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, எதுவும் சொல்லித்தராமல் பக்கத்தில் நின்று பாருங்கள்.