எல்லைக்கோட்டில் ஒரு சந்திப்பு

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் எங்கள் ஊர் நூலகத்தில் பேசியபோது, ஜனநாயகத்தைக் காக்க நாடு கடந்த குடிமக்கள் தோழமை வேண்டும் என்றீர்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. வெளியிலிருந்து வரும் ஆதரவு, உள்ளே போராடுகிறவரை 'அந்நியக் கைக்கூலி' என்று முத்திரை குத்தத்தானே உதவும்? அப்படியே இருந்தாலும், ஒரு நாட்டுச் சாதாரண மக்கள் இன்னொரு நாட்டு மக்களுக்கு என்னதான் செய்துவிட முடியும்?

ச., பொள்ளாச்சி

அன்புள்ள ச.,

உங்கள் தயக்கம் நியாயமானது. ஜனநாயகம் தருகிறோம் என்று படையோடு போனவர்கள் ஈராக்கை என்ன செய்தார்கள் என்று பார்த்தோம். நான் மனதில் வைத்துப் பேசியது வேறொன்றை. அன்று நேரமில்லாமல் சொல்லாமல் விட்டேன்.

1968 ஆகஸ்டில், அங்கே தொடங்கிய சீர்திருத்தங்களை நசுக்கச் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்த சோவியத் அணியில் போலந்துப் படையும் இருந்தது. பத்து வருடம் கழித்து, 1978 ஆகஸ்டில், இரு நாட்டு எல்லையிலுள்ள மலையில் சிலர் ரகசியமாகச் சந்தித்தார்கள். செக் பக்கமிருந்து நாடக ஆசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெலும் நண்பர்களும். போலந்துப் பக்கமிருந்து யாட்செக் குரோன், ஆடம் மிஹ்னிக் முதலியோர். அந்த எல்லையோர மலைப்பாதைக்கு அரசுகள் வைத்திருந்த பெயர் 'நட்புப் பாதை'. பாதைக்கு அந்தப் பெயர் பொருந்தியது அன்றுதான் என்று எனக்குத் தோன்றும். பத்தாண்டு முன் நடந்த படையெடுப்பைப் பற்றி இரு தரப்பும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள்.

யார் இவர்கள்? 1975இல் ஹெல்சிங்கியில் 35 நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கையில் மனித உரிமை பற்றியும் சில பக்கங்கள் இருந்தன. அரசுகள் அதை வெறும் காகிதம் என்று நினைத்தன. அடுத்த ஆண்டு செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராகில் சில ராக் இசைக் கலைஞர்களைச் சிறையில் போட்டபோது, ஹாவெல் போன்றவர்கள் அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்தார்கள். நீங்கள் ஒப்புக்கொண்டதை நிறைவேற்றுங்கள் என்பது மட்டுமே அவர்கள் கோரிக்கை. 1977 ஜனவரியில் வெளிவந்த அந்தக் கோரிக்கை அறிக்கையான 'சாசனம் 77'இல் 240 பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். அதன் சார்பில் பேச முதலில் பொறுப்பேற்ற மூவரைப் பாருங்கள்: ஹாவெல், தத்துவப் பேராசிரியர் யான் பட்டோச்கா, கம்யூனிஸ்ட் அரசில் வெளியுறவு அமைச்சராக இருந்த யிர்ஷி ஹாயெக். கையெழுத்திட்டவர்களில் கத்தோலிக்கரும் இருந்தார்கள், மார்க்சியரும் இருந்தார்கள். யாரும் தன் கொள்கையைக் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை. பன்மைத்துவம் என்று நாம் பேசுவதை அவர்கள் அன்றாடம் செய்து பார்த்தார்கள். நீண்ட போலீஸ் விசாரணைகளுக்குப் பின் அந்த மார்ச்சிலேயே பட்டோச்கா இறந்துபோனார், 69 வயதில்.

போலந்துக்காரர்களின் வழி வேறு. 1976இல் விலை உயர்வை எதிர்த்துப் போராடி அடிபட்ட, வேலை இழந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு வக்கீலும் மருந்தும் பணமும் தேடிக் கொடுத்தார்கள். 'தொழிலாளர் பாதுகாப்புக் குழு' என்ற அவர்கள் அமைப்பின் உறுப்பினர்கள் தங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணைப் பகிரங்கமாக அச்சிட்டார்கள். மறைக்க ஒன்றுமில்லை என்பதே அவர்கள் கவசம்.

கைக்கூலிப் பட்டம் பற்றிக் கேட்டீர்கள். மலைச் சந்திப்புக்கு ஒன்றரை வருடம் முன்பே பிராகின் அரசு நாளேடுகள் அதைக் கொடுத்துவிட்டன. யாரோடும் சேராமல் இருந்தாலும் அது வரும். ஆனால் தொடங்குவதும் முடிவெடுப்பதும் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும், பணம் வந்தால் எங்கிருந்து என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இதில் நான் சமரசம் செய்ய மாட்டேன்.

என்ன செய்ய முடிந்தது? மூன்றாவது சந்திப்பைக் காவல்துறை தடுத்துவிட்டது. ஆனால் இரு நாட்டவரும் சேர்ந்து கொண்டுவரத் திட்டமிட்ட தொகுப்புக்காக ஹாவெல் எழுதிய நீண்ட கட்டுரை போலந்தின் உர்சுஸ் டிராக்டர் ஆலைத் தொழிலாளர்கள் வரை போனது. சோர்ந்திருந்த நேரத்தில் அது தெம்பு தந்ததாக, பின்னாளில் சாலிடாரிட்டி தொழிற்சங்கத் தலைவர்களில் ஒருவரான ஸ்பிக்னியெவ் புயாக் சொல்லியிருக்கிறார்.

1979இல் ஹாவெலும் தோழர்களும் கைதானார்கள். அக்டோபரில், அவர்கள் வழக்கு விசாரணைக்கு வருமுன், வார்சாவின் திருச்சிலுவைத் தேவாலயத்தில் போலந்துக்காரர்கள் ஒரு வாரம் உண்ணாவிரதம் இருந்தார்கள். தீர்ப்பு மாறவில்லை, ஹாவெலுக்கு நாலரை ஆண்டு. 1989இல் இரு நாட்டிலும் கம்யூனிஸ்ட் ஆட்சி முடிந்தது. 1990 ஜனவரியில் செக்கோஸ்லோவாக்கியாவின் அதிபராக அவர் வார்சாவுக்குப் போனபோது குரோன் அங்கே அமைச்சர், மிஹ்னிக் நாடாளுமன்ற உறுப்பினர். அந்த வெற்றியைவிட எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, பக்கத்து நாட்டுக் கைதிகளுக்காகப் பட்டினி கிடந்தவர்களைத்தான். அவர்களில் பலர் அந்தக் கைதிகளின் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அன்புடன்