ஐபோன் அப்டேட் பாதியில் நின்று ஆப்பிள் சின்னத்திலேயே மாட்டிக்கொண்டால், படங்கள் அழியாமல் மீட்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். முதலில் அவசரப்படாதீர்கள். சின்னத்துக்குக் கீழே உள்ள கோடு மெதுவாகத்தான் நகரும். ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையவே இல்லை என்றால்தான் கை வைக்க வேண்டும்.

அப்போது போனைக் கேபிளில் கணினியுடன் இணையுங்கள். மேக் என்றால் ஃபைண்டர், விண்டோஸ் என்றால் ஐடியூன்ஸ் செயலியைத் திறந்தால் போதும். ஐபோன் 8-லும் அதற்குப் பின் வந்தவற்றிலும் வால்யூம் கூட்டும் பட்டனைச் சட்டென்று அழுத்தி விடுங்கள், அப்புறம் குறைக்கும் பட்டனை அதேபோல. பிறகு பக்கவாட்டுப் பட்டனை அழுத்தியபடியே இருங்கள். நடுவில் ஆப்பிள் சின்னம் வரும், பலரும் அங்கேதான் கையை எடுத்துவிடுகிறார்கள். எடுக்காதீர்கள், கேபிளும் கணினியும் உள்ள படம் வரும்வரை பிடிக்க வேண்டும்.

கணினியில் ‘அப்டேட்’, ‘ரீஸ்டோர்’ என்று இரண்டு கேட்கும். தயவுசெய்து அப்டேட்டையே தேர்ந்தெடுங்கள். அது உங்கள் படங்களைத் தொடாமல் போனை இயக்கும் மென்பொருளான ஐஓஎஸ்ஸை மட்டும் மீண்டும் பதிக்க முயலும். ரீஸ்டோர் எல்லாவற்றையும் துடைத்துவிடும், பேக்கப் இல்லாவிட்டால் போனது போனதுதான்.

பதிவிறக்கம் 15 நிமிடத்தைத் தாண்டினால் போன் அந்தத் திரையை விட்டு வெளியேறிவிடும். பயப்பட வேண்டாம். பதிவிறக்கம் முடியட்டும், பிறகு அதே பட்டன்களை முதலிலிருந்து அழுத்துங்கள்.